பழைய கிராமத் தேவாலயத்தை எப்படிப் பார்ப்பது

இங்கிலாந்துக் கிராமங்களில் உள்ள இடைக்காலத் தேவாலயத்துக்குப் போனால் நேரே உள்ளே நுழையாதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். ஒரே மூச்சில் கட்டி முடித்தவை அபூர்வம். தலைமுறை தலைமுறையாக இடித்தும் சேர்த்தும் வளர்ந்தவைதான் அதிகம். எது எதற்கு முந்தியது என்பதைச் சுவரே சொல்லும்.

கோபுரத்தின் கிழக்கு முகத்தை அண்ணாந்து பாருங்கள். இப்போதைய கூரைக்கு மேலே சாய்வான இரண்டு கோடுகள் உச்சியில் கூடுவது போலத் தழும்பு இருந்தால், பழைய கூரை அந்த உயரத்தில் இருந்திருக்கிறது.

அடுத்து வளைவுகள். தடித்த சுவர், அரைவட்ட வளைவு, வாசலைச் சுற்றி நெளிநெளியான செதுக்கல் என்றால் பெரும்பாலும் நார்மன் காலம், அதாவது பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066க்குப் பிந்தைய நூறு, நூற்றிருபது ஆண்டுகள். 1200ஐ ஒட்டிக் கூர்வளைவும் ஒடுங்கிய நெடிய சன்னல்களும் வருகின்றன. 1350க்குப் பிறகு சன்னல் அகலமாகி, கல் சட்டங்கள் நேராக மேலே ஓடுகின்றன. ஆனால் சன்னலை மட்டும் வைத்துச் சுவருக்கு வயது சொல்லிவிடாதீர்கள். பழைய சுவரில் புதுச் சன்னல் வைப்பது அன்றும் வழக்கம்தான்.

தெற்கு வாசல் பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு கீறல் தேடுங்கள்: நடுவில் ஒரு துளை, அதிலிருந்து விரியும் கோடுகள். துளையில் குச்சி செருகி, நிழலைப் பார்த்துப் பூசை நேரம் அறிந்தார்கள். அது வெயிலே படாத முகப்பு மண்டபத்துக்குள் இருந்தால், மண்டபம் பிறகு கட்டியது, அல்லது அந்தக் கல் இடம் மாறியது.

சரி, உள்ளே போகலாம். சுவரில் சின்ன மாடமும் அதன் அடியில் நீர் வடியும் துளையும் தெரிந்தால், அங்கே ஒரு பலிபீடம் இருந்தது; குரு பாத்திரம் கழுவிய இடம் அது. பக்கச் சிறகுகளில், அதாவது நடுக்கூடத்தின் இருபுறமும் உள்ள பகுதிகளில், இருந்த பீடங்கள் இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டுப் புராட்டஸ்டன்ட் வழிக்குப் போன 16ஆம் நூற்றாண்டுச் சமய மாற்றத்தில் அகற்றப்பட்டன. மாடம் மட்டும் மிஞ்சியது.

இனி எனக்கு மிகப் பிடித்த வேலை. கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல்கள் எழுந்து வரும். ஹெர்ட்ஃபோர்டுஷயரில் ஆஷ்வெல் ஊர்த் தேவாலயக் கோபுரத்துக்குள் லத்தீனில் கீறியிருக்கிறார்கள்: கொள்ளைநோயில் மிஞ்சியது கடைநிலை மக்கள்தான் என்று 1350ஐப் பற்றி ஒரு புலம்பல், 1362 சனவரிப் பெரும்புயல் (கீறலில் அன்றைய ஆண்டுக் கணக்குப்படி 1361) பற்றி ஒரு குறிப்பு. அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. தயவுசெய்து விரலால் தேய்க்காதீர்கள், எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தடவாதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்தால் போதும்.

அப்புறம் ஏடுகள். திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் பதிய வேண்டும் என்று 1538இல் ஆணை வந்தது. பதிவேடுகள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். முதல் அறுபது வருடமும் ஒரே கையெழுத்தாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். பழைய தாள் ஏடுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொல்லி 1598இல் உத்தரவு வந்திருந்தது.