தொலைக்காட்சித் திரையில் பெயர்ப்பட்டியலை விக்கலின்றி உருள வைப்பது எப்படி?

பம்பலப்பிட்டியில் நடந்த ஓர் அரங்கேற்றத்தின் காணொளியைத் தொகுத்தபோது, குருவில் தொடங்கி மண்டபத்தை அலங்கரித்தவர்கள் வரை எல்லோருடைய பெயரும் இறுதியில் கீழிருந்து மேலாக உருள வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். வெள்ளவத்தையில் அவர்களது வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் போட்டுப் பார்த்தபோது எழுத்துகள் விக்கி விக்கி ஏறின. மிருதங்கம் வாசித்தவரின் பெயரை ஒருவராலும் முழுமையாக வாசிக்க முடியவில்லை. நன்றி சொல்வதற்காகப் போடும் பெயர் வாசிக்க முடியாமற் போவது மரியாதைக் குறைவு என்று எனக்குப் பட்டதால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், தொகுப்பைத் தொடங்கும்போதே செக்கனுக்கு 50 பிரேம் (தனித்தனிப் படம்) என்று அமைத்துக்கொள்ளுங்கள். இலங்கை ஒளிபரப்பு ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், செக்கனுக்கு 25 பிரேம், 50 ஃபீல்ட் (ஒரு பிரேமின் ஒன்றுவிட்ட வரிகளாலான பாதி) என்ற கணக்கில் வளர்ந்தது. 25 பிரேமில் உருட்டினால் செக்கனுக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும் 50 ஹேர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டும். எழுத்தைத் தொடர்ந்து நகரும் கண்ணுக்கு அது இரட்டை விளிம்பாகத் தெரியும். நான் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் காட்சிகளை உள்ளே எடுத்த பின்னர் இந்த எண்ணை மாற்ற முடியாது என்பதால், இதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, பெயர்களை மென்பொருளின் எழுத்துக் கருவியில் அடிக்காமல், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரே நீண்ட படமாக வரைந்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாகச் சேமிப்பதையே நான் விரும்புகிறேன். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் தொல்லை அதில் இல்லை. படத்தின் உயரமும் துல்லியமாகத் தெரியும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

இனிவரும் கணக்கில்தான் நான் பல நாட்களை இழந்தேன். ஒவ்வொரு பிரேமுக்கும் எழுத்து நகரும் தூரம் முழு எண்ணாக இருக்க வேண்டும். படத்தின் உயரம் 2920 பிக்சல், திரையின் உயரம் 1080 என்றால், கீழ் விளிம்புக்கு வெளியே தொடங்கி மேல் விளிம்பைக் கடந்து மறையும் வரை மொத்தத் தூரம் 4000 பிக்சல். பிரேமுக்கு 2 பிக்சல் வீதம் 2000 பிரேம், அதாவது 40 செக்கன். நானோ பாட்டு 34 செக்கனில் முடிகிறது என்று பட்டியலை அதற்குள் அடக்கியிருந்தேன். அப்போது ஒரு பிரேமுக்கு 2.35 பிக்சல் வருகிறது. மென்பொருள் ஒருமுறை 2, மறுமுறை 3 என்று தள்ளும், அல்லது அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து விளிம்பை மாறி மாறி மங்கச் செய்யும். ஆகவே வேகத்தை முதலில் முடிவுசெய்யுங்கள். நேரம் குறைவென்றால் வரி இடைவெளியைச் சுருக்கி, படத்தின் உயரத்தை 2320 ஆக்கினால் அதே வேகத்தில் 34 செக்கனில் முடிந்துவிடும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2000 பிரேம் நீளமுள்ள துண்டின் முதற் பிரேமிலும் கடைசிப் பிரேமிலும் கீஃபிரேம் (படம் அப்போது நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறி) வைத்தால், இடையில் இருப்பவை 1999 நகர்வுகள் மட்டுமே. வேகம் 2.001 ஆகி, சிறுகச் சிறுகச் சேர்ந்து, ஏறத்தாழ 10ஆவது செக்கனிலும் 30ஆவது செக்கனிலும் எழுத்துகள் அரைப் பிக்சல் விலகி மங்கிப் போகும். துண்டை 2001 பிரேமாக வைத்துக்கொள்ளுங்கள். கீஃபிரேம் இரண்டும் லீனியராகவே, அதாவது இடையில் வேகம் மாறாதபடியே, இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் என் மடிக்கணினியில் விக்கல் தெரிந்தது. எல்லாவற்றையும் கலைத்து மீண்டும் தொடங்கினேன். பிழை கோப்பில் இல்லை. கணினித் திரை 60 ஹேர்ட்ஸில் இயங்கியதால், ஐந்து பிரேமுக்கு ஒன்றை அது இருமுறை காட்டியது. செக்கனுக்குப் பத்துத் தடவை எழுத்து நின்று நின்று போவதாகத் தோன்றியது. கோப்பைப் பென் டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியிலேயே பாருங்கள். அங்கும் எழுத்தைச் சுற்றி அலைபோல ஏதாவது நெளிந்தால், சோனியில் மோஷன்ஃபுளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர் வைத்திருக்கும், இடைப் படங்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: ஒளிபரப்புக்காக 1080 வரி இன்டர்லேஸ் கோப்புக் கொடுக்க வேண்டியிருந்த நண்பர் ஒருவர், தம் பட்டியலில் “கார்த்திக்” என்ற பெயரின் புள்ளிகள் நசுங்கியதுபோலத் தெரிகின்றன என்றார். அவர் செக்கனுக்கு 50 பிக்சல் வேகம் வைத்திருந்தார். ஃபீல்டுக்கு ஒரு வரி நகர்ந்தால், ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் அந்த முறையில் படத்தின் ஒரு பாதி வரிகள் திரைக்கு வருவதே இல்லை. மெல்லிய கிடைக்கோடுகளும் சிறு புள்ளிகளும் முதலில் பாதிக்கப்படுகின்றன. ஃபீல்டுக்கு 3 வரி என்றாலும் இதே கதைதான். செக்கனுக்கு 100 பிக்சல், அதாவது ஃபீல்டுக்கு 2 வரி என்று மாற்றியதும் புள்ளிகள் முழுமையாகத் திரும்பின. ஃபீல்ட் வரிசையில் மேல் ஃபீல்டே முதலில் என்று தெரிவுசெய்ய வேண்டும். அது மாறினால் எழுத்து முன்னும் பின்னுமாக நடுங்கும்.