ராக்டால் வாங்கும் முன்: கத்தாத பூனையிடம் நாம் செய்யும் தவறுகள்

போன மே மாத லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஆறு வயது. வந்த அன்றே எங்கள் புஜ்ஜியை முன்னங்கால்களுக்கு அடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். புஜ்ஜி ராக்டால் இனத்து ஆண் பூனை, ஆறரைக் கிலோ. பின்னங்கால்கள் தரையில் இழுபட, உடம்பைத் துவளவிட்டுத் தொங்கியது. நகம் வைக்கவில்லை, கத்தவும் இல்லை. "எவ்வளவு சாது பாரு" என்று அம்மா சிரித்தார். வாலின் நுனி மட்டும் வெட்டி வெட்டி ஆடிக்கொண்டிருந்தது. காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. "என்னை விடு" என்று பூனை சொல்வது அப்படித்தான்.

ராக்டால் வளர்க்கும் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. வேறு பூனையாக இருந்தால் கீறிவிட்டு ஓடியிருக்கும். இது பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொண்டால், அதற்குப் பிடித்திருக்கிறது என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

பெயரே அப்படி வைத்துவிட்டார்கள். ராக்டால் என்றால் துணிப்பொம்மை. 1960களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ரிவர்சைடு என்ற ஊரில் ஆன் பேக்கர் என்பவர் இந்த இனத்தை உருவாக்கினார். ஜோசபின் என்ற நீள்முடி வெள்ளைப் பூனையின் குட்டிகளிலிருந்து தொடங்கிய பரம்பரை இது. ஜோசபின் ஒருமுறை காரில் அடிபட்டுப் பிழைத்தது. அதன் பிறகு ஈன்ற குட்டிகளுக்குத்தான் இந்தத் துவளும் குணம் வந்தது, அவற்றுக்கு வலியே தெரியாது என்று பேக்கர் சொல்லிவந்தார். தாய்க்குப் பட்ட அடி குட்டியின் மரபணுவில் ஏறாது. சாதுவான பூனைகளையே தேடித்தேடி இணை சேர்த்ததால் வந்த குணம் இது. எல்லாப் பூனைகளையும் போல ராக்டாலுக்கும் வலிக்கும். ஆனாலும் "எப்படித் தூக்கினாலும் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லி விற்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அப்படிச் சொல்லும் இடத்தில் வாங்காதீர்கள்.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்க வேண்டும். வளர்ந்த ஆண் ஆறு முதல் ஒன்பது கிலோ வரை வரும். அந்த எடை முழுவதும் தோளில் தொங்கக் கூடாது. பிடரியைப் பிடித்துத் தூக்குவது தாய்ப்பூனை தன் குட்டிக்குச் செய்வது, நாம் வளர்ந்த பூனைக்குச் செய்யக் கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரே ஒரு விதி போதும்: நீ தரையில் உட்கார், பூனை வந்தால் தடவிக்கொடு. வால் வேகமாக ஆடினாலோ, முதுகுத் தோல் சிலிர்த்து நெளிந்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, எல்லா ராக்டாலும் கையில் துவளாது. துவளாததால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

உண்மையில் ஏமாறுவது வேறு இடத்தில். நீலக்கண், நீள்முடி இரண்டும் இருந்தாலே ராக்டால் என்று சொல்லி, பெர்ஷியன் கலப்புக் குட்டிகளை விற்கிறார்கள். ராக்டாலுக்குக் கண் நீலம்தான், ஆனால் நீலக்கண் உள்ளதெல்லாம் ராக்டால் ஆகிவிடாது. பெர்ஷியனைப் போலத் தட்டை மூக்கும் இதற்குக் கிடையாது. குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாகவே பிறக்கும். உடம்பில் குளிர்ச்சியான பகுதிகளான முகம், காது, கால், வால் ஆகியவற்றில்தான் பிறகு மெல்ல நிறம் ஏறும். பிறந்த மூன்றாம் நாள் ஃபோட்டோவை அனுப்பி அட்வான்ஸ் கேட்பவரிடம் நிறம் பற்றிய வாக்குறுதி எதுவும் பெறுமானம் இல்லாதது. ஒரு மாதக் குட்டியை "கையிலேயே வளர்ந்தா ரொம்பப் பாசமா இருக்கும்" என்று தருவார்கள். வேண்டாம். பன்னிரண்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருந்த குட்டிதான் விளையாட்டில் எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பதையும், லிட்டர் பாக்ஸ் என்ற மணல் பெட்டியில் மலம், சிறுநீர் கழிக்கும் பழக்கத்தையும் கற்றிருக்கும். தடுப்பூசியும் ஓரளவு ஆகியிருக்கும்.

சைவ வீடுகளுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தயிர்சாதத்தில் பூனை வளராது. கண்ணுக்கும் இதயத்துக்கும் டாரின் என்ற சத்து அதற்குக் கட்டாயம் வேண்டும். அதைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தயாரித்துக்கொள்ளாது, உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும், இயற்கையாக அது இருப்பது இறைச்சியிலும் மீனிலும்தான். டாரின் குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை பலவீனமாகி வீங்கும். சமையலறைக்குள் இறைச்சி வரக் கூடாது என்றால் டாரின் சேர்த்த, பூனைக்கென்றே செய்த கேட் ஃபுட் பாக்கெட்டில் கிடைக்கிறது. அதுவும் முடியாது என்றால் பூனை வேண்டாம், முயல் வளர்க்கலாம். பாலும் தேவையில்லை, வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

வெயில் காலத்தில் முடியை மொட்டையடிப்பது இன்னொரு தவறு. முடி போனால் தோலில் நேரடியாக வெயில் படுகிறது. தினமும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீப்பால் வாரிவிட்டால் போதும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, உள்தொடை, இந்த மூன்று இடத்தில்தான் சிக்கு விழும். பகலில் ஃபேனும், டைல்ஸ் தரையும், இரண்டு மூன்று இடத்தில் தண்ணீரும் இருக்கட்டும். நாய் வாயைத் திறந்து இரைப்பது சாதாரணம். பூனை அப்படி இரைத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பால்கனிக்கு வலை அடிக்காமல் ராக்டாலைக் கொண்டுவராதீர்கள். தெருவில் விடவும் கூடாது. நாய் வந்தால் ஓட வேண்டும் என்ற பயம் பல ராக்டால்களுக்கு இல்லை. அதேபோல, வீட்டில் எல்லோரும் காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிறீர்கள் என்றால் இந்த இனம் உங்களுக்குச் சரிப்படாது. அறைக்கு அறை பின்னாலேயே வரும் பூனை இது. நாள் முழுக்கத் தனியாகக் கிடந்தால் வாடிப்போகும். அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: தும்மல் முடியால் மட்டும் வருவதில்லை, எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால் வருகிறது. ராக்டாலுக்கும் அது உண்டு.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். எந்தப் பூனையும் நோயை மறைக்கும். சத்தமே போடாத இந்தப் பூனையிடம் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஆண் பூனை லிட்டர் பாக்ஸுக்கு அடிக்கடி போய் முக்குகிறது, மணல் நனையவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இரவானாலும் கிளம்ப வேண்டும். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்க ஆரம்பிக்கும், குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். காய்ச்சல் மாதிரி இருக்கிறதென்று பாராசிட்டமால் கொடுத்தால் அதுவே விஷம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனையின் முதுகில் விடுவதும் அப்படித்தான்; அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தம் முடியில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும்.

கடைசியாக இதயம். ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்ற, இதயச் சுவர் தடித்துப்போகும் நோய் ராக்டால்களில் பரம்பரையாக வருவதுண்டு. அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2007இல் கண்டுபிடித்தார்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுத்து டிஎன்ஏ சோதனை செய்துவிடலாம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இந்த மாற்றத்தின் இரண்டு பிரதிகளோடு பிறக்கும் குட்டிக்கு நோய் இளம் வயதிலேயே கடுமையாக வரும். அதனால் பிரீடரிடம், அதாவது குட்டி ஈன வைத்து விற்பவரிடம், கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியதாக இருக்கக் கூடாது. தாய், தகப்பன் இரண்டுக்கும் இந்தச் சோதனையின் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். சோதனை சரியாக இருந்தாலும் வேறு காரணத்தால் நோய் வரலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பது நல்லது. நன்றாக இருந்த பூனை திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அலறினால், கால்கள் சில்லிட்டிருந்தால், இதயத்திலிருந்து ரத்தக்கட்டி போய் அடைத்திருக்கிறது என்று பொருள். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவே இல்லாதது. பூனை ஆழ்ந்து தூங்கும்போது, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு மூச்சாக வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முப்பதுக்குள் இருந்தால் சரி. தொடர்ந்து முப்பதைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். வாரம் ஒரு முறை எண்ணிக் காலண்டரில் எழுதி வைக்கிறோம். இப்போது லீவுக்கு வந்தால் அதைச் செய்வது அக்கா மகன்தான். புஜ்ஜி தூங்கும் வரை தூக்காமல், தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கடைசியாக அவன் எழுதிய எண் 22.