கயிற்றைப் பிடுங்காதீர்கள்: கடலோர முகாம்களில் நாம் செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு கோடை முகாம். ஐந்தாம் வகுப்பு முடித்த பையன் ஒருவன் பந்தலின் மூலைக் கயிற்றை முளையில் கட்டப் பார்க்கிறான். காற்று இழுக்கிறது, முடிச்சு அவிழ்கிறது, மறுபடி கட்டுகிறான். நான்காவது முறை அவிழ்ந்ததும், "கொடுடா இங்கே" என்று வாங்கி நானே கட்டிவிட்டேன். அரை நிமிட வேலை. பையன் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். சற்றுத் தள்ளி உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அடுத்த தடவை கட்டியிருப்பான் சார்."

அந்த முகாம் முடியும்வரை அவன் எந்தக் கயிற்றின் பக்கமும் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வளர்ப்பதாக நோட்டீஸ் அடித்துக் கூட்டி வந்தவன் நான்.

அதற்குப் பிறகு ராமநாதபுரம் கரையில் பல முகாம்களில் வேலை பார்த்துவிட்டேன். நான் செய்த தவறுகள், பக்கத்தில் நின்று பார்த்த தவறுகள் இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். முகாம் நடத்துகிறவர்களுக்கும் உதவும், பணம் கட்டி அனுப்புகிற பெற்றோருக்கும் உதவும்.

"உன்னால் முடியும்!" என்று கத்துவது

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு காரியம் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மன நிலை. நான்கில் வலுவானது முதலாவது. நம் முகாம்களில் நடப்பதோ பெரும்பாலும் மூன்றாவது. கைத்தட்டு, கோஷம், "சூப்பர்டா தம்பி", கடைசி நாள் எல்லோருக்கும் சான்றிதழ். எதையும் செய்யாத பிள்ளைக்கும் அதே சான்றிதழ்தான். அது அவனுக்கும் தெரியும்.

அதனால் உண்மையான வேலையைக் கொடுங்கள். ஆறு பேருக்கு அரிசி, பருப்பு, காய்கறி, அடுப்பு என்று கொடுத்து மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட வேண்டும். சோறு குழைந்தால் குழைந்த சோறுதான் அன்றைக்கு. அங்கேதான் பெரியவர்களுக்குப் பொறுக்காது. சாம்பாரில் உப்பில்லை என்றதும் ஓர் அக்கா ஓடி வந்து சரிசெய்துவிடுவார். நெருப்பு, கத்தி, ஆழத் தண்ணீர் இந்த மூன்றில் மட்டும் பெரியவர்கள் கண்கொத்திப் பாம்பாக இருக்கட்டும். மற்றதில் கை போகக் கூடாது. நான் இப்போதெல்லாம் முகாமில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. பயப்படுகிற பிள்ளையைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளினால் பயம் தெளிந்துவிடும் என்பது நம் ஊர்க் கிணற்றடி வைத்தியம். சிலருக்குத் தெளிந்திருக்கலாம், பலருக்குத் தண்ணீரே ஆகாமல் போயிருக்கிறது. மற்ற பிள்ளைகள் சிரிக்கும்போது தள்ளுவது இன்னும் மோசம். நாங்கள் வைத்திருக்கும் வழக்கம் இது: வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, ஆனால் சும்மா உட்கார உரிமை இல்லை. தண்ணீரில் இறங்காத பெண்ணிடம் கரையில் தலை எண்ணும் வேலையைக் கொடுத்தோம். கால் மணிக்கு ஒருமுறை விசில் ஊதி எண்ண வேண்டும். ஒருமுறை ஒரு தலை குறைந்தது. அவள் போட்ட சத்தத்தில் பெரியவர்கள் எல்லோரும் ஓடினோம். பையன் படகு நிழலில் நண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவள் முழங்கால் ஆழம் வரை இறங்கினாள், யாரும் சொல்லாமலே. அதற்கு மேல் இறங்கவில்லை. இறங்காவிட்டால் என்ன?

தலைவன் என்றால் சத்தம் போடுகிறவன்

முதல் நாளே "லீடர் யாரு?" என்று கேட்டால், கை தூக்குகிறவன் வகுப்பிலும் லீடராக இருப்பவன்தான். ஐந்து நாளும் அவனே நடத்தி முடிப்பான். 1907இல் பேடன் பவல் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் சாரண முகாமிலேயே பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பொறுப்பைக் குழுவிடம் விட்டார். ஆறேழு பேருக்கு மேல் போனால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். குழு சிறிதாக இருக்கட்டும், பொறுப்பு தினமும் மாறட்டும்.

ஆனால் தலைமை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, இந்தக் கரையில் கரைவலையை விட நல்ல பாடம் இல்லை. விடிகாலையில் வலையை வளைத்து விட்டிருப்பார்கள். இரண்டு கயிறு, இரண்டு அணி, நடுவே நீண்ட கடற்கரை. வலை நெருங்க நெருங்க இரு அணிகளும் இழுத்துக்கொண்டே ஒன்றை நோக்கி ஒன்று நகர வேண்டும். ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வலை கோணும், மீன் வெளியேறும். ஊர்க்காரர்களிடம் கேட்டு எங்கள் பிள்ளைகளை இரு பக்கமும் சேர்த்தோம். முதலில் பலத்தைக் காட்டினார்கள். கயிற்றின் முன்னே நின்ற சம்மாட்டி, அதாவது வலைக்குச் சொந்தக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. எதிரணியைப் பார்த்து ஒருமுறை கையை அசைத்தார், எங்கள் பக்கம் திரும்பி உள்ளங்கையைத் தாழ்த்தினார். அவ்வளவுதான், வேகம் குறைந்தது. மீன் சேரும் வலைப் பையான மடி கரையேறியபோது உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. காரல் கொஞ்சம், சாளை கொஞ்சம். இழுத்தவர்களுக்குக் கறிக்கு என்று ஒரு கை மீன் கொடுத்தார்கள். அன்று ராத்திரி பிள்ளைகள் பேசிக்கொண்டது மீனைப் பற்றி அல்ல, அந்தக் கையசைவைப் பற்றி.

இங்கே ஒரு தவறை நானே செய்தேன். மறுவருடம் அதே ஊருக்குப் போய் வலைக்காரர் ஒருவரிடம், "பிள்ளைகளுக்கு ஒரு டெமோ காட்டுங்க அண்ணே" என்றேன். "வலை விளையாட்டா சார்?" என்று கேட்டுவிட்டார். அவர்கள் பிழைப்பு நமக்குக் காட்சிப் பொருள் அல்ல. அவர்கள் தொழில் நேரத்துக்கு நாம்தான் போக வேண்டும். சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு, வகுப்பெடுக்க வரும் சாருக்குக் கொடுப்பதுபோல் கூலி கொடுக்க வேண்டும். கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் போனாலும் இதேதான். கையில் துணி சுற்றி, கண்ணில் முகமூடிக் கண்ணாடி மாட்டி மூச்சடக்கி இறங்குகிறவர்களைக் கரையில் நிற்க வைத்து செல்ஃபி எடுப்பதற்காக ஒரு பேருந்தே வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. முகாம் நடக்கும் ஊர்ப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நம் பயிற்சியாளரை விட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். மதுரையிலிருந்து வந்த பிள்ளைகளோடு அவர்களையும் சேர்த்தால் இரு பக்கமும் கூச்சம் விடும். கட்டணம் வாங்காமல் ஆறுக்கு இரண்டு பேரையாவது ஊரிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

கடலைக் கேட்காமல் தேதி குறிப்பது

இதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பள்ளி விடுமுறை மே மாதம், அதனால் முகாமும் மே மாதம். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகுகள்தான் போய்வரும். "மீன்பிடி துறைமுகத்தில் ஏலம் பார்க்கலாம்" என்று நோட்டீஸில் போட்டுவிட்டு வந்து நின்றால் பழுதுபார்க்கும் சத்தம்தான் கேட்கும். உண்மையில் அதுவும் நல்ல பாடம்தான். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி வர்ணம் பூசுவதைப் பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. முன்பே தெரிந்து திட்டமிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் காற்று. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்கே வடகடல், தென்கடல் என்பார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தலைகீழ். மே கடைசியில் தென்கடல் ஓரம் கூடாரம் அடித்தால் ராத்திரி மணல் சோற்றில் இருக்கும், கூடாரம் பனையில் இருக்கும். எந்தக் கரை என்பதை முடிவு செய்யும் முன் உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

தனுஷ்கோடியைச் சேர்க்காத முகாமே இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைப் பிள்ளைகள் பார்க்கட்டும், சிதைந்த தேவாலயச் சுவரின் நிழலில் உட்கார்ந்து பேசட்டும். ஆனால் அங்கே கடலில் இறக்காதீர்கள். இரு கடலும் சேரும் முனை அது, நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளைப் படகிலோ துடுப்பிலோ பழக்க வேண்டுமானால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையின் அலையாத்திக் காட்டுச் சுற்றுலா இருக்கிறது. நீர் அமைதி, உயிர்காப்பு அங்கி உண்டு, பறவையும் பார்க்கக் கிடைக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தெரிந்த படகுக்காரர் இருக்கிறார் என்று அனுமதியில்லாமல் பிள்ளைகளைத் தீவில் இறக்குவது சட்டத்தை மீறுவது. தலைமைப் பண்பு சொல்லிக்கொடுக்க வந்த இடத்தில் அதையா செய்வது?

அதே வகையில் இன்னொரு தவறு, "நினைவுப் பொருள்". கடற்கரையில் ஆளுக்குப் பத்துப் பொருள் பொறுக்கி வாருங்கள் என்று போட்டி வைப்பார்கள். பவளத் துண்டும், காய்ந்த கடல்குதிரையும் அதில் வரும். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. செத்துக் கிடந்ததை எடுத்தாலும் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. காலிச் சங்கு என்று நினைத்து எடுப்பதற்குள் துறவி நண்டு குடியிருக்கும். பொறுக்குவதற்குப் பதில் வரையச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டர் மணலைக் கயிற்றால் கட்டி, அதற்குள் இருப்பதையெல்லாம் அரை மணி நேரம் பார்த்து எழுதச் சொன்னால், பத்தாவது நிமிடம்தான் கண் திறக்கும்.

மாலை நேரச் சொற்பொழிவு

ராமேசுவரம் மண்ணில் முகாம் என்றால் கலாமைப் பற்றி ஒருவர் பேசியே ஆக வேண்டும். பேசட்டும், பத்து நிமிடம். ஒன்றரை மணி நேரம் சிறப்பு விருந்தினர் பேசினால், வெயிலில் காய்ந்த பிள்ளை தூங்கும். அந்த மாலைதான் அன்றைக்கு நடந்ததைப் பிள்ளைகள் அசைபோட வேண்டிய நேரம். வட்டமாக உட்கார வைத்து மூன்றே கேள்வி போதும்: இன்று எது கைகூடவில்லை, அப்போது என்ன செய்தாய், நாளை எதை மாற்றுவாய். முதல் நாள் எல்லாம் "நல்லா இருந்துச்சு" என்றுதான் வரும். பெரியவர் ஒருவர் தன் தவறை முதலில் சொன்னால் வாய் திறப்பார்கள். நான் கயிற்றுக் கதையைச் சொல்வேன்.

சுருக்கமாகச் சில பாதுகாப்பு விஷயங்கள்

பதினொன்று முதல் மூன்றரை வரை நிழல். குடிதண்ணீர் லாரியை நம்பாமல் கூடவே கொண்டுபோங்கள், பல கரையோர ஊர்களில் ஊற்று உவர்ப்பு. ஆழமில்லாத மணலில் திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள். சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் மணலாலோ நல்ல தண்ணீராலோ தேய்க்காமல் கடல்நீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, கூடவே தங்கும் பெண் பொறுப்பாளர், இரண்டும் இல்லாமல் முகாமே வேண்டாம். குழந்தைகள் உதவிக்கான 1098, ஆம்புலன்ஸுக்கான 108, கடலோரக் காவல் படையின் 1554 மூன்றும் பிள்ளைகள் அட்டையிலேயே எழுதியிருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒன்று. ஐந்து நாளில் பையன் ஆளே மாறி வருவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் வந்து சட்டையைத் தானே துவைத்தால் துவைக்க விடுங்கள், காலரில் அழுக்கு இருந்தாலும். பணம் கட்டும் முன் நடத்துகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காற்று ஏறி, கடலில் இறங்க முடியாத நாளில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" படம் போடுவோம் என்றால் யோசியுங்கள். "பிள்ளைகளையே கேட்போம், போன தடவை அவர்களே ஒரு நாள் முழுக்கப் பனையோலையில் கொட்டான் என்ற சிறு கூடை முடையக் கற்றுக்கொண்டு வந்தார்கள், பாதி கொட்டானில் அடி இல்லை" என்று யாராவது சொன்னால், அங்கே அனுப்புங்கள்.