அபர்ணா என்று பெயர் வைக்கும் முன்

தண்டையார்பேட்டையில் பேத்திக்குப் பெயர் தேடியபோது முதலில் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். 'பர்ணம்' என்றால் இலை. முன்னால் 'அ' சேர்ந்தால் இலை இல்லாதவள். கேட்டதும் மருமகள் முகம் வாடியது. அப்புறம் கதையைச் சொன்னேன். சிவனை அடையத் தவமிருந்த பார்வதி, தானாக உதிர்ந்த இலையைக்கூட உண்ணாமல் விட்டதால் வந்த பெயர். காளிதாசர் குமாரசம்பவத்தில் சொல்கிறார். என்ன உறுதி அந்தப் பெண்ணுக்கு! மருமகளுக்கு உடனே பிடித்துவிட்டது.

அடுத்து, வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். 'பழம்' என்பதில் வரும் ப-தான் சரி. எங்கள் தெருவில் 'அபயம்' போல மெலிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் p போடுவதா b போடுவதா என்பதையும் கூப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓராண்டுக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை.