ஏற்றத்தில் தளர்வது தொடையா, மூச்சா? சைக்கிளில் நீங்களே பார்க்கலாம்

பாலம் ஏறும்போது நின்றுவிட்டால் 'ஸ்டாமினா பத்தல' என்று சொல்லிவிடுகிறோம். தசைக்கு வலு போதாததும் ஆக்சிஜன் போதாததும் வேறு வேறு குறைகள், பயிற்சியும் வேறு. கியர் சைக்கிளும் கைக்கடிகாரமும் இருந்தால் பிரித்துப் பார்த்துவிடலாம். இதய நோய், நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

இடமும் நேரமும்: மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிய சாலை சமதளம், ஒரு சுற்று 1.2 கி.மீ.க்குச் சற்று மேல். விடிந்ததும் கிளம்புங்கள். வெயில் ஏறினால் உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்பும், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடும், சோதனை தப்பாகும்.

1. சீட்: குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். மிதிப்பது முன்பாதத்தால். சீட் தாழ்ந்திருந்தால் தொடை வீணாக எரியும். டயரில் காற்றையும் பாருங்கள்.

2. பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி உடம்பைச் சூடாக்குங்கள்.

3. லேசான கியர்: சுற்றுக்கு 4 நிமிடம் என்று இரண்டு சுற்று. வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 85 முதல் 90 மிதி வர வேண்டும். முடிவில் ஒரு குறளை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

4. கனமான கியர்: ஐந்து நிமிடம் ஆறியபின், அதே 4 நிமிடக் கணக்கில் இரண்டு சுற்று, மிதி நிமிடத்துக்கு 55 முதல் 60. முடிவில் அதே குறளைச் சொல்லிப் பாருங்கள். இங்கே பலரும் தம்மை அறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள், அப்புறம் ஒப்பிட ஒன்றுமில்லை. இரண்டுமே சுலபமாக இருந்தால் இன்னொரு நாள் சுற்றுக்கு 3 நிமிடமாக்குங்கள்.

என்ன நடக்கிறது? 60 கிலோ எடையுள்ளவர் 100 வாட் சக்தியில் மிதிக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் ஆக்சிஜன் செலவாகும். வலுவானவருக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மாறுவது ஒவ்வொரு மிதியின் பாரம். அது உங்கள் உச்ச வலிமையில் சிறு பங்காக இருந்தால், ஆக்சிஜனை நம்பி நெடுநேரம் உழைக்கும் மெதுவான தசைநார்களே போதும். பங்கு பெரிதானால் வேகமான நார்களும் சேரும். அவை கிளைக்கோஜனை (தசையில் சேமித்த சர்க்கரையை) ஆக்சிஜன் இல்லாமலே வேகமாகக் கரைக்கும், சீக்கிரம் களைக்கும். போதாததற்கு, இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களையே நெரிக்கும். பழமுதிர்சோலை ஏற்றத்தில் கியர் தீர்ந்தபின் மூச்சு இருந்தும் கால் நிற்பது இதனால்தான். லேசான கியரில் வேகமாகச் சுற்றினால் தொடை தப்பிக்கும், கால்களை அசைக்கும் செலவு மூச்சின்மேல் விழும்.

5. பயிற்சி: கனமான கியரில் தொடை எரிந்தும் குறள் தடையில்லாமல் வந்தால் வலிமைதான் குறைவு. வாரம் இருமுறை, 48 மணி நேர இடைவெளியில், ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது) 8 வீதம் 3 செட். உடல் எடையில் தொடங்கி, பழகியபின் பாரம் சேருங்கள். கனமான கியரிலேயே தினமும் ஓட்டி வலிமை சேர்க்கப் பார்த்தால் முழங்கால்தான் வலிக்கும்.

லேசான கியரிலேயே குறள் பாதியில் அறுந்தால் தாங்குதிறன் குறைவு. வாரம் மூன்று நாள், பேச முடிகிற வேகத்தில் 45 நிமிடம். தசையில் நுண் ரத்தக் குழாய்களும், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருக வாரங்கள் பிடிக்கும். எட்டாவது வாரம் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி பாருங்கள்.