டேட்டா பஸ்ஸில் பவரைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குத் தகவல் போகும் கம்பிகளில், அதாவது டேட்டா பஸ்ஸில், பவரைக் குறைக்கச் சொன்னால், பலரும் முதலில் கை வைப்பது கிளாக்கில், அதாவது அனுப்பும் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பில்தான். வேகத்தைப் பாதியாக்கினால் பவரும் ஏறக்குறைய பாதியாகும், சரி. ஆனால் அதே தகவல் போய்ச்சேர இரண்டு மடங்கு நேரம் ஆகிறதே! ஒரு பிட்டுக்கு ஆகும் ஆற்றல் மாறவே இல்லை. பேட்டரிக்கு மிச்சம் எதுவும் கிடையாது. பல சமயங்களில் வேகமாக அனுப்பி முடித்துவிட்டுச் சுற்றைத் தூங்க வைப்பதே லாபம்.

வோல்டேஜைக் குறைப்பதில்தான் உண்மையான பலன். செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 3.3 வோல்ட்டிலிருந்து 1.8-க்கு இறக்கினால் சுமார் 70 சதவீதம் குறையும். இங்கே நடக்கும் தவறு, அனுப்பும் பக்கத்தை மட்டும் இறக்குவது. 3.3 வோல்ட்டில் ஓடும் சீமாஸ் (டிரான்சிஸ்டர் ஜோடிகளால் ஆன வழக்கமான சுற்று வகை) உள்ளீட்டுக்கு 1.8 என்பது இரண்டுங்கெட்டான் நிலை. அதன் இரு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்தே பாதி திறந்து, சும்மா இருக்கும்போதும் மின்னோட்டம் கசியும்.

அடுத்தது, அனுப்பும் பிட்களை எண்ணிவிட்டு மாறும் பிட்களை எண்ணாமல் விடுவது. சாதாரண சீமாஸ் கம்பியில் 0 அப்படியே 0-ஆக இருந்தால் செலவு மிகச் சொற்பம்; மாறும்போதுதான் செலவு. 8 பிட் பஸ்ஸில் 00000000-க்குப் பின் 11111110 வந்தால் 7 கம்பிகள் மாறும். பஸ்-இன்வெர்ட் முறையில் அதைத் தலைகீழாக்கி 00000001 என்று அனுப்பி, ‘தலைகீழ்’ என்று சொல்லும் கூடுதல் கம்பியை 1 ஆக்கினால் மாறுவது 2 கம்பிகள்தான். நீளமான கம்பிகளுக்கு அருமையான வழி. சிப்புக்குள்ளேயே இருக்கும் குட்டிக் கம்பிகளில் இதைப் போடாதீர்கள். மிச்சமாவதை, தலைகீழாக்கும் சுற்றான என்கோடரே தின்றுவிடும்.

டிடிஆர்4 நினைவகத்திலும் இதே கணக்கைப் போடுவது இன்னொரு பிழை. அங்கே டேட்டா கம்பிகள் மேல் வோல்டேஜோடு ரெசிஸ்டரால் இணைந்திருப்பதால், 0 இருக்கும் நேரம் முழுக்க மின்னோட்டம் பாயும். அதனால் அதன் டிபிஐ (டேட்டா பஸ் இன்வெர்ஷன்) என்ற தலைகீழாக்கும் வசதி மாற்றங்களை எண்ணுவதில்லை. ஒரு பைட்டில் நான்குக்கு மேல் 0 இருந்தால் தலைகீழாக்குகிறது.

சிப்புகளை இரண்டே கம்பிகளால் இணைக்கும் ஐ2சி முறையிலும் 0-தான் செலவு. 3.3 வோல்ட்டில் 1 கிலோஓம் புல்-அப் (கம்பியை மேல் வோல்டேஜுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போட்டால், கம்பி தாழ்ந்திருக்கும்போதெல்லாம் 3.3 மில்லி ஆம்பியர் போகும், 4.7 கிலோஓமில் 0.7 மட்டுமே. ஆனால் மதிப்பைக் கூட்டக் கூட்ட சிக்னல் மெதுவாக ஏறும். எந்த வேகத்தில் ஓடுகிறது, கம்பியின் மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) எவ்வளவு என்று பார்த்து, தாங்கும் வரை கூட்டுங்கள்.