முதுகுப்பை வாங்கும் முன்: லிட்டரை விடுங்கள், முதுகை அளந்து பாருங்கள்

முதுகுப்பை வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் வேண்டும் என்பதைத்தான். இமாச்சலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகே ஏறி லாஹௌல் பள்ளத்தாக்கின் பக்கம் இறங்கும் ஹம்ப்தா கணவாய் போன்ற நான்கைந்து நாள் மலைநடைக்கு, கூடாரமும் சமையல் பொருள்களும் குழுவினர் பொறுப்பு என்றால் 40 முதல் 50 லிட்டர் போதும்; எல்லாவற்றையும் நீங்களே சுமப்பதானால் 60 லிட்டரைத் தாண்ட வேண்டியிருக்கும். லிட்டர் கணக்கு இவ்வளவுதான். தோள் வலிக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது உங்கள் முதுகின் நீளம்.

படி 1: முதுகை அளத்தல்

ஒரு டெய்லர் டேப்பும் துணைக்கு ஒருவரும் வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தி நிற்கும் எலும்புதான் அளவின் தொடக்கம். முடிவைக் கண்டுபிடிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் விரல்களை அழுத்தியபடி இறங்குங்கள். மெத்தென்ற சதை முடிந்து கெட்டியாகத் தட்டுப்படும் விளிம்பே இடுப்பெலும்பின் மேல்பகுதி. அந்த விளிம்பில் கைகளை ஊன்றி, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டினால், இரண்டையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடத்தில் அளவு முடிகிறது. இந்த நீளத்துக்குப் பொருந்தும் பையைக் கேளுங்கள். உயரமானவருக்கு முதுகும் நீளமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். உயரம் காலிலும் இருக்கலாம்.

படி 2: எடையோடு போட்டுப் பார்த்தல்

காலியாக இருக்கும்போது எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். ஆகவே எட்டுப் பத்துக் கிலோவாவது உள்ளே வைக்கச் சொல்லுங்கள். எல்லா வார்களையும் தளர்த்திப் பையை மாட்டி, இடுப்பைச் சுற்றிக் கட்டும் ஹிப் பெல்ட்டின் நடுப்பகுதி அந்த எலும்பு விளிம்பின் மேல் அமருமாறு முதலில் அதையே இறுக்குங்கள். தொப்புளுக்கு நேராகக் கட்டினால் வயிறு அழுந்தும். மிகவும் இறக்கிக் கட்டினால் ஏற்றத்தில் தொடை இடிக்கும். அடுத்து தோள் வார்கள், பிறகு தோளுக்கு மேலே சாய்வாகச் செல்லும் லோட் லிஃப்டர் என்ற சிறு வார்கள், கடைசியாக மார்பு வார். எடையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்கியிருந்தால், தோள் வாருக்கு அடியில் விரல்கள் எளிதாக நுழையும். அப்படியே கால்மணி நேரமாவது நடந்து, படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள்.

முதுகு நீளத்தை மாற்றியமைக்கக்கூடிய பையையே நான் பரிந்துரைப்பேன். மழை உறையை நம்புவதைவிட, உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்துப் பொருள்களை அடுக்குவது மேல். உறை மூடாத முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

பின்சேர்க்கை: பெல்ட் சிறிது நேரத்தில் தளர்ந்துவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பருமனான ஜாக்கெட்டின் மேல் கட்டியிருந்தால் துணி அமுங்க அமுங்கப் பை கீழே இறங்கும். ஜாக்கெட்டின் கீழ்விளிம்பைப் பெல்ட்டுக்கு மேலே தூக்கிவிட்டுக் கட்டுங்கள். முழுவதும் இறுக்கிய பிறகு பெல்ட்டின் இரு பஞ்சுப் பட்டைகளும் முன்பக்கம் ஒன்றையொன்று தொட்டால், அந்தப் பெல்ட் உங்களுக்குப் பெரிது. சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள்.